இஸ்மாயீல் எனும் பெயர்: சொல்லும் பொருளும்

சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின்னர், திண்டிவனத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். அவருடைய மனைவிக்கு விழுப்புரத்தில் தாய்வீட்டில் ஆண்மகவு பிறந்து ஐந்து நாள்கள் ஆகியிருந்தன. ஏழாம் நாள் அகீகா கொடுத்து, காலஞ்சென்ற தம் தந்தையாரின் பெயராகிய இஸ்மாயீல் என்பதைக் குழந்தைக்குச் சூட்ட அவர் எண்ணியிருந்தார். அவருடைய மைத்துனரோ படித்தவர், கைபேசியில் தேடிப் பார்த்து, "இது எபிரேயப் பெயர், யூதர்களுடையது. நமக்குத் தூய அரபுப் பெயர் வேண்டும்" என்று கூறிவிட்டார். இதைக் கேட்ட இளைஞரின் தாயார், "நாற்பது வருஷம் ஊரே அவங்களை அந்தப் பேராலதானே கூப்பிட்டுச்சு, அது நம்ம பேர் இல்லையா?" என்று கண்கலங்கினாராம்.

"ஹஜ்ரத், இந்தப் பெயர் ஆகுமா, ஆகாதா?" என்பது அவ்விளைஞரின் வினா.

ஆகும் என்று அப்பொழுதே விடை கூறினோம். எனினும் அவ்வினா ஒரு குடும்பத்தின் வினா மட்டுமன்று. பெயர்களின் பொருளைத் தேடும் ஆர்வம் நம்மவரிடையே பெருகியுள்ள இந்நாளில், பலருடைய உள்ளத்திலும் எழக்கூடியது அது. ஆதலின் விடையைச் சற்று விரித்துரைப்பது பயனுடையது.

மைத்துனர் கூறியதில் பாதி உண்மையே. இஸ்மாயீல் என்பது அரபு மூலத்தில் பிறந்த சொல்லன்று. இதனை நம் முன்னோரான மொழியறிஞர்கள் மறைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அரபியில் கலந்த பிறமொழிச் சொற்களைத் தொகுத்த இமாம் ஜவாலீக்கீ ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஆதம், ஸாலிஹ், ஷுஐப், முஹம்மத் எனும் நான்கு பெயர்கள் நீங்கலாக, நபிமார்களின் பெயர்கள் யாவும் அரபியல்லாதவை என்று அவர் எழுதியுள்ளார். அரபுக் கல்லூரியில் ஹிதாயத்துன் நஹ்வு ஓதும் மாணவனும் இதனை அறிவான். இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக் முதலிய பெயர்கள் 'கைரு முன்ஸரிஃப்' எனும் வகையைச் சேர்ந்தவை. அதாவது தன்வீன் ஏற்காதவை. கஸ்ரு வரவேண்டிய இடத்தில் ஃபத்ஹு பெறுபவை. காரணம் கேட்டால், 'அயல்மொழி இயற்பெயர்' என்று மாணவன் உடனே விடை சொல்வான். திருமறையை ஓதும்போதெல்லாம் நம் நாவு இந்த இலக்கணத்தைப் பேணிக்கொண்டே வருகின்றது.

இனி, சொல்லின் பொருளைக் காண்போம். எபிரேயத்தில் இப்பெயரின் வடிவம் 'யிஷ்மாஏல்' என்பதாகும். 'யிஷ்மா' என்பது 'செவியேற்கிறான், செவியேற்பான்' என்று பொருள்படும் வினை. 'ஏல்' என்பது இறைவன். 'இறைவன் செவிசாய்க்கிறான்' என்பதே பெயரின் முழுப்பொருள். தவ்ராத்தின் முதல் நூலாக இன்று வழங்கும் ஆதியாகமத்தின் 16ஆம் அதிகாரமும், ஹாஜரா அம்மையாரின் துயரத்தை இறைவன் கேட்டமையால் பிள்ளைக்கு இப்பெயர் அமைந்ததாகவே கூறுகின்றது.

எபிரேயமும் அரபியும் ஒரு தாய் வயிற்று மக்கள். தமிழில் 'ப' வரும் இடத்தில் கன்னடத்தில் 'ஹ' வருவதை நாம் அறிவோம்: பால், ஹாலு, பூ, ஹூ, பல், ஹல்லு. அவ்வாறே எபிரேயத்தின் 'ஷ' பல சொற்களில் அரபியின் 'ஸ' ஆகின்றது. அங்கே ஷாலோம், இங்கே ஸலாம். அங்கே லாஷோன், இங்கே லிஸான். அந்த முறைப்படியே 'ஷமஅ' என்பது நம் 'ஸமிஅ' ஆகின்றது. தொழுகையில் ருகூவிலிருந்து நிமிரும்போது நாம் மொழிகின்ற 'ஸமிஅ' அதுவே. 'ஈல்' என்பது இறைவனைக் குறிக்கும் என்பதும் நம் விரிவுரையாளர்களுக்குப் புதிதன்று. ஜிப்ரீல், மீக்காயீல் எனும் பெயர்களை அவ்வாறே விளக்கியுள்ளனர். இப்ராஹீம் (அலை) பிள்ளைப்பேறு வேண்டி, 'கேட்டருள்வாய் இறைவா' எனும் பொருள்பட 'இஸ்மஃ யா ஈல்' என்று இறைஞ்சியதால் இப்பெயர் அமைந்தது என்று இமாம் பகவீ தம் தஃப்ஸீரில் குறிப்பிடுகின்றார். சொல்லைப் பிரிக்கும் முறை சற்று வேறுபடினும், கேட்டல் எனும் கருத்து மாறவில்லை.

ஈண்டு அருள்மறையின் சொல்லாட்சி கூர்ந்து நோக்கத்தக்கது. இஸ்மாயீல் எனும் பெயர் திருக்குர்ஆனில் பன்னிரண்டு இடங்களில் வருகின்றது. அவற்றுள் இரண்டு இடங்கள் இறைஞ்சுதலோடு இணைந்தவை. அல்பகரா அத்தியாயத்தின் 127ஆம் வசனத்தில், தந்தையும் மகனும் இறையில்லத்தின் அடித்தளத்தை உயர்த்துகையில், தம் பணியை ஏற்றருளுமாறு வேண்டி, இறைவனை 'அஸ்ஸமீஉ', அதாவது யாவும் செவியுறுபவன் என்று போற்றுகின்றனர். இப்ராஹீம் அத்தியாயத்தின் 39ஆம் வசனத்தில், முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் வழங்கியவனுக்குப் புகழுரைக்கும் அந்நபி, வேண்டுதலைச் செவியுறுபவன் என்று கூறியே முடிக்கின்றார். இரண்டிடத்தும் இஸ்மாயீல் எனும் பெயரும் 'ஸமீஉ' எனும் திருநாமமும் ஒரே வசனத்தில் அமைந்துள்ளன. அயல்மொழிப் பெயருக்கு அரபியிலேயே உரை கிடைத்துவிட்டது போன்று அது ஒலிக்கின்றது.

புகாரீயில் பதிவாகியுள்ள இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் நெடிய அறிவிப்பிலும் இந்த ஒலி கேட்கின்றது. நீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடிய ஹாஜரா அம்மையார், இறுதியில் ஒரு குரலைக் கேட்கின்றார். தம்மையே அமைதிப்படுத்திக்கொண்டு செவிமடுக்கின்றார். மீண்டும் கேட்டதும், 'கேட்கச் செய்துவிட்டீர். உதவியிருந்தால் வருக' எனும் கருத்தில் விளிக்கின்றார். அங்கு அவர் வாயினின்றும் வரும் வினை 'அஸ்மஃத', அதே மூலம். அதே அறிவிப்பின் தொடர்ச்சியில், அங்கு வந்து குடியேறிய ஜுர்ஹும் குலத்தாரிடமிருந்து சிறுவர் இஸ்மாயீல் அரபி கற்றார் என்று வருகின்றது. அரபியைப் பிறரிடம் கற்றுக்கொண்டவருக்கு அரபியல்லாத பெயர் அமைந்திருந்ததில் வியப்பென்ன? அவர் வழித்தோன்றல்களிலேயே பெருமானார் (ஸல்) அவர்கள் அவதரித்தார்கள்.

அரபியல்லாத நபிப்பெயரைச் சூட்டலாமா எனில், அண்ணலாரின் செயலே விடையாகும். தமக்கு மதீனாவில் பிறந்த ஆண்மகவுக்கு அவர்கள் இப்ராஹீம் என்றே பெயரிட்டார்கள். தம் தந்தை இப்ராஹீமின் பெயரைச் சூட்டியதாகவும் கூறினார்கள். நஜ்ரானிலிருந்து திரும்பிய முகீரா (ரலி) பெயர்கள் பற்றிய ஓர் ஐயத்தை எழுப்பியபோது, முற்கால மக்கள் தங்களுக்கு முன் வாழ்ந்த நபிமார்கள், நல்லோர்களின் பெயர்களைச் சூட்டிக்கொண்டனர் என்று விளக்கினார்கள். இவ்விரண்டும் முஸ்லிமில் உள்ளவை. இஸ்லாம் பெயரில் நாடுவது நற்பொருள். மொழிப் பிறப்பு அன்று.

எபிரேயத்தில் தோன்றிய பெயர் என்பது ஒன்று. யூதர்களின் பெயர் என்பது மற்றொன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரப்பி யிஷ்மாஏல் எனும் புகழ்பெற்ற யூத அறிஞர் வாழ்ந்தார். பின்னாளில் அப்பெயர் அவர்களிடையே அருகிவிட்டது. இன்று மொராக்கோ முதல் இந்தோனேசியா வரை முஸ்லிம் இல்லங்களிலேயே அது பெருவழக்காக உள்ளது. ஹதீஸ் கலையின் பேரிமாம் புகாரீயின் பெயரே முஹம்மத் இப்னு இஸ்மாயீல் அல்லவா?

தமிழகத்திலும் இப்பெயருக்குத் தனிச்சிறப்பு உண்டு. 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்து, அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்று, 1972இல் மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் ஒருவர். நாகூரில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, கம்பனில் தோய்ந்து, 2005இல் மறைந்த மு.மு. இஸ்மாயீல் மற்றொருவர். அரபியர் 'முஹம்மத் இஸ்மாயீல்' என்பதைக் கேட்டால் மகன் பெயரும் தந்தை பெயரும் என்று கொள்வர்; நமக்கோ அது ஒருவரின் பெயர். மரைக்காயர், ராவுத்தர், லெப்பை, சாஹிப் எனப் பின்னொட்டு எதுவாயினும் இப்பெயர் இயல்பாகப் பொருந்திவிடுகின்றது.

தமிழ் நாவில் ஓர் இழப்பும் உண்டு. 'கேட்டல்' எனும் மூலத்தின் மூன்றாம் எழுத்து தொண்டையின் ஆழத்தில் எழும் அய்ன். தமிழில் அவ்வொலி இன்மையால் அங்கே யகரம் வந்து நின்றது. எழுத்தில் இஸ்மாயீல், இஸ்மாயில் என இருவகையும் வழக்கில் உள. இது குற்றமன்று; எனினும் பிறப்புச் சான்றிதழில் எழுதும் வடிவத்தையே எங்கும் எழுதுவது பிற்காலத் தொல்லையைத் தவிர்க்கும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒரே வகுப்பில் யாகூப், யாக்கோபு, தாவூத், தாவீது, யூசுப், சூசை என முஸ்லிம், கிறித்தவப் பிள்ளைகள் அருகருகே அமர்ந்து பயில்வதுண்டு. ஒவ்வோர் இணையும் ஒரே வேரின் இரு கிளைகள். இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை, அறிந்துகொள்வதற்கே உண்டு.

இவற்றையெல்லாம் அவ்விளைஞரிடம் சுருக்கமாகக் கூறி, தமிழில் பேரன் எனும் சொல்லே பெயரன், அதாவது பாட்டன் பெயரைத் தாங்குபவன் எனும் பொருளில் அமைந்தது என்பதையும் நினைவூட்டினோம். ஏழாம் நாள் அழைப்பு வந்தது, சென்றிருந்தோம். மைத்துனரே குழந்தையைக் கையில் ஏந்தி வந்து நம்மிடம் தந்தார். பெயரைச் சொல்லி துஆ செய்தோம். கணவரின் பெயரை வாயால் உரைத்தறியாத அவ்வம்மையார் இன்றும் பேரனை 'ராஜா' என்றே அழைக்கின்றாராம். மற்றவர் யாவரும் இஸ்மாயீல் என்று அழைக்க, அவர் கேட்டுக்கொண்டிருக்கின்றார்.

வேண்டுதலைச் செவியுறும் இறைவன் அக்குழந்தைக்கு நீண்ட ஆயுளையும் நல்லறிவையும் வழங்குவானாக! ஆமீன்.