எண்ணச் சுழற்சி நோய்: ஆசாரத்தின் பெயரால் மறைந்திருக்கும் அவதி

வடமேற்கு லண்டனின் ஹரோ பகுதியில் உள்ள ரெய்னர்ஸ் லேன், இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழும் இடங்களில் ஒன்று. ஊரில் கடைப்பிடித்த வழிபாடும் விரதமும் துடக்குக் காத்தலும் புலம்பெயர்ந்த வீடுகள் பலவற்றில் இன்றும் தொடர்கின்றன. இந்தப் பழக்கங்களுக்கு நடுவே, ஒரு மனநோய் பல ஆண்டுகள் அடையாளம் காணப்படாமலேயே இருந்துவிடக் கூடும். ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்தான் அது.

உதாரணத்துக்கு, குளித்துவிட்டு சுவாமி அறைக்குச் செல்லும் ஒரு தாய், வழியில் எதையோ தொட்டுவிட்டோமோ என்ற ஐயத்தில் மீண்டும் குளிக்கிறார். அதன் பிறகும் ஐயம் தீராமல் மூன்றாம் முறையும் குளிக்கிறார். அவர் ஆசாரமானவர் என்று வீட்டார் கருதுகின்றனர். அவரோ கைத்தோல் வெடித்து, வேலைக்கும் நேரத்துக்குச் செல்ல முடியாமல் தவிக்கிறார்.

நோயின் தன்மை

இந்த நோய்க்கு இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, விரும்பாமலேயே திரும்பத் திரும்ப வந்து அச்சமூட்டும் எண்ணம். மற்றொன்று, அந்த அச்சத்தைத் தணிப்பதற்காகத் தவிர்க்க முடியாமல் செய்யப்படும் செய்கை. செய்கை தரும் நிம்மதி சிறிது நேரமே நீடிக்கும். பின்னர் எண்ணம் முன்னைவிட வலுவாகத் திரும்பி வரும்.

கை கழுவுவதும் கதவுப் பூட்டைச் சரிபார்ப்பதும் மட்டுமே இதன் அறிகுறிகள் அல்ல. கோயிலில் நிற்கும்போது கடவுளை நிந்திக்கும் சொற்கள் மனதில் எழலாம். கைக்குழந்தைக்குத் தன்னால் தீங்கு நேருமோ என்று தாய் அஞ்சலாம். இவர்கள் மனதுக்குள்ளேயே மந்திரம் சொல்லியோ, எண்ணிக்கை வைத்தோ பரிகாரம் தேடுவதால், நோய் வெளியே தெரிவதில்லை.

வழிபாடு நோயல்ல. வழிபாடு பொதுவாக மனதுக்கு அமைதி தருவது; இந்த நோய் அந்த அமைதியைப் பறிப்பது. எண்ணங்களும் செய்கைகளும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எடுத்துக்கொண்டாலோ, வேலையையும் உறவுகளையும் பாதித்தாலோ உதவி பெறவேண்டும் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் அளவுகோல். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்நோய் வரக்கூடும் என மதிப்பிடப்படுகிறது.

எண்ணம் குற்றமல்ல

லண்டனில் பணியாற்றிய ஸ்டான்லி ராக்மன், இலங்கையரான பத்மல் டி சில்வா ஆகிய உளவியலாளர்கள் 1978ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டனர். நோயாளிகளை அலைக்கழிப்பவை போன்ற எண்ணங்கள், நோயற்ற பெரும்பாலானவர்களுக்கும் வருகின்றன என்று அது காட்டியது. மற்றவர்கள் அவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றனர். நோயாளியோ, இப்படி நினைத்ததே பாவம் என்று எடுத்துக்கொள்கிறார். அந்த எண்ணங்கள் அவரது விருப்பத்தைக் காட்டுபவை அல்ல. தாம் மிகவும் மதிக்கும் ஒன்றைப் பற்றிய அச்சங்கள்.

குடும்பத்தினர் அறியாமல் செய்யும் தவறு

"அடுப்பை அணைத்துவிட்டேனா?" என்று பத்தாவது முறை கேட்பவருக்கு, "அணைத்துவிட்டீர்கள்" என்று பத்தாவது முறையும் பதில் சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்தப் பதிலும் நோயாளியின் செய்கையில் ஒரு பகுதியாகி, சுழற்சியை நீட்டிக்கிறது. கேலி செய்வதும் அதட்டுவதும் அச்சத்தை அதிகரிக்கும். மறுஉறுதி அளிப்பதைத் திடீரென நிறுத்தாமல், நோயாளியுடனும் சிகிச்சையாளருடனும் பேசி, படிப்படியாகக் குறைப்பதே உகந்தது.

சிகிச்சை

ஒரு காலத்தில் குணப்படுத்த மிகக் கடினமானது என்று கருதப்பட்ட நோய் இது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் விக்டர் மேயர் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட சிகிச்சை முடிவுகள் இந்த நிலையை மாற்றத் தொடங்கின. அச்சமூட்டுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமான செய்கையைச் செய்யாதிருக்கப் பழகுவதே இம்முறை. காலப்போக்கில் அச்சத்தின் பிடி தளர்கிறது; செய்கை இல்லாமலே அதைத் தாங்க முடியும் என்று நோயாளி அறிகிறார். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2005ஆம் ஆண்டில் இம்முறையையும், செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸடின் போன்ற மருந்துகளையும் பரிந்துரைத்தது. மருந்தின் பலன் தெரிய 12 வாரங்கள் வரை ஆகலாம் என்பதால், இடையில் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

உதவி பெறும் வழி

இங்கிலாந்தில் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் பேச்சுவழிச் சிகிச்சைப் பிரிவை, பெரியவர்கள் குடும்ப மருத்துவரின் பரிந்துரையின்றித் தாங்களே அணுகலாம். ஹரோவிலும் இச்சேவை உண்டு. குடும்ப மருத்துவர் மூலமாகவும் செல்லலாம். சிறுவர்களுக்குத் தனிச் சேவைகள் உள்ளன. ஓ.சி.டி. யூ.கே., ஓ.சி.டி. ஆக்‌ஷன் ஆகிய தொண்டு அமைப்புகளும் தகவலும் ஆதரவும் தருகின்றன.

ஆங்கிலம் தடையாக இருந்தால் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். வருபவர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்று தயங்குவோர், வேறொருவரையோ தொலைபேசி வழி மொழிபெயர்ப்பையோ கோரலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது நல்லதல்ல. பெற்றோர் பலவற்றைச் சொல்லாமல் விட அது காரணமாகிவிடும்.

திருமணப் பேச்சு தடைப்படும், குழந்தையைச் சமூகசேவைத் துறையினர் கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சங்களும் பலரின் வாயை அடைக்கின்றன. மருத்துவரிடம் சொல்வது பொதுவாக இரகசியமாகவே காக்கப்படும். உயிருக்கு ஆபத்து போன்ற சூழல்கள் மட்டுமே அதற்கு விதிவிலக்கு. குழந்தைக்குத் தீங்கு நேருமோ என்ற வேண்டாத எண்ணம் இந்நோயில் வழக்கமானது என்பதும், அதனால் வதைபடுபவர் அதைச் செய்ய விரும்புபவர் அல்லர் என்பதும் பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்குத் தெரியும்.

இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். இங்கிலாந்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் 111ஐ அழைத்து, மனநலத்துக்கான 2ஆம் தெரிவைத் தேர்ந்தெடுக்கலாம்; உடனடி ஆபத்து என்றால் 999.

எங்கு வாழ்ந்தாலும், முதலில் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்தான்: "வேண்டாத எண்ணங்கள் வருகின்றன, அவற்றை நிறுத்த முடியவில்லை." சிகிச்சை அங்கிருந்தே தொடங்குகிறது.