சோழருக்கு ஏன் 34 வருசம் பிடிச்சது?

இந்தக் கிழமை எபிசோட்டில வரலாற்று ஸ்ட்ரடஜி கேம்களைப் பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டுட்டுப் போனம்: எந்த இனம் கேமுக்குள்ள வரும், எந்த இனம் வராது எண்டு யார், எப்படி முடிவெடுக்கினம்? அதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

சிட் மையரின் ‘சிவிலைசேஷன்’ 1991இல் வந்தபோது அதில் 14 நாகரிகங்கள் இருந்தன. இந்தியா அதில் ஒன்று, தலைவர் காந்தி. சோழர் தனி நாகரிகமாக உள்ளே வந்தது 2025இல், ஏழாவது பாகத்தில். இடையில் 34 வருசம். ‘எங்களை ஒதுக்கிப்போட்டாங்கள்’ என்று கோபப்படுவது சுகம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் கதை கொஞ்சம் வேறு.

ஒரு இனத்தைச் சேர்ப்பது என்றால் பட்டியலில் ஒரு பெயரைக் கூட்டுவது இல்லை. முகம் தெரிந்த ஒரு தலைவர் வேணும். அவர் பேச ஒரு மொழியும் அதைப் பேசிப் பதிவு செய்ய ஒரு ஆளும் வேணும். புது நகரம் கட்டும்போதெல்லாம் கேம் தானாகப் பெயர் வைக்கும், அதற்கு ஒரு நீளமான ஊர்ப்பட்டியல் வேணும். இசை, கட்டட வடிவம், வேறு யாருக்கும் இல்லாத ஒரு படைப்பிரிவு, இதெல்லாம் அதற்கு மேலே. எல்லாவற்றுக்கும் முதல், அந்த இனத்தை எடுத்து விளையாடினால் மற்ற இனங்களை விட வித்தியாசமாக இருக்க வேணும். இல்லையென்றால் காசு குடுத்து வாங்கிறவன் ஏன் வாங்கப் போறான்?

இந்த வடிகட்டியில் யார் விழுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிந்துவெளியை எடுங்கள். மனித வரலாற்றின் முதல் பெரிய நகரங்களில் சில அங்கேதான் இருந்தன. ஆனால் எழுத்து இன்னும் வாசிக்கப்படவில்லை, ஒரு அரசன் பெயர்கூடத் தெரியாது, தங்கள் ஊர்களை அவர்கள் என்ன பெயரில் அழைத்தார்கள் என்றும் தெரியாது. ஆறாவது பாகத்தில் மொகெஞ்சதாரோ ஒரு குட்டி நகர அரசாக மட்டும் வரும். எழுதி வைத்தவன், படை நடத்தியவன், கல்லில் தன் பேரை வெட்டியவன், இவர்களுக்கு இந்தக் கேம்களில் இடம் சுலபம். கல்வெட்டு விசயத்தில் சோழரைக் குறை சொல்ல ஏலாது. ஆக அவர்களுக்குத் தடையாக இருந்தது ஆதாரக் குறைவு இல்லை. ‘இந்தியா’ என்ற பெட்டி ஏற்கனவே நிரம்பிவிட்டது என்ற கணக்குத்தான்.

இந்தப் பெட்டிப் பிரச்சினையை இன்னும் தெளிவாகக் காட்டுவது ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’. 1999இல் வந்தபோது 13 இனங்கள், அதில் இந்தியத் துணைக்கண்டமே இல்லை. 2013இல் ‘தி ஃபொர்கொட்டன்’ விரிவாக்கத்தில் ‘இந்தியர்’ வந்தார்கள். ஒட்டகப்படைதான் அவர்களுடைய பலம். ராஜஸ்தான்காரருக்கு அது சரி. மதுரைப் பாண்டியனும் ஒட்டகத்தில ஏறித்தான் சண்டைக்குப் போக வேணும் என்றால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா’ வந்து இந்தப் பெட்டியை உடைத்தது. பழைய இந்தியர் ‘ஹிந்துஸ்தானி’ ஆனார்கள். கூடவே வங்காளிகள், கூர்ஜரர், திராவிடர் என்று மூன்று புது இனங்கள். திராவிடரின் படையாட்கள் தமிழில் பதில் சொல்லுவினம். ராஜேந்திர சோழனுக்கென்று ஒரு தனிப் படையெடுப்புக் கதையும் இருக்கு. எனக்குப் பிடித்தது குதிரை விசயம். திராவிடருக்குக் குதிரைப்படை மிகவும் பலவீனம், யானையும் காலாட்படையும் கப்பலும்தான் கை கொடுக்கும். இது கேமைச் சமநிலைப்படுத்தச் செய்த வேலைதான், ஆனால் வரலாற்றோடும் பொருந்துது. தமிழ்நாட்டு மன்னர்கள் அரபுக் கடல் வழியாகக் குதிரைகளை இறக்குமதி செய்தார்கள். பாண்டியர்கள் வருசாவருசம் குதிரை வாங்கக் கொட்டிய பணத்தைப் பார்த்து மார்க்கோ போலோவே வியந்து எழுதியிருக்கிறார்.

ஆனால் பெட்டி உடைந்ததா, சின்னதாச்சுதா? ‘திராவிடர்’ என்பது ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராக 1856இல் கால்டுவெல் எழுதிய ஒப்பிலக்கணத்துக்குப் பிறகு பரவிய சொல். அந்தப் பெயருக்குள்ள சோழரும் பாண்டியரும் மட்டும் இல்லை. கன்னட ஹொய்சளரும் தெலுங்குக் காகதீயரும் கேரளச் சேரரும் அடைபட்டுப் போனார்கள். களரியில் சுழற்றும் உருமி வாளை ஏந்துகிற வீரன், தமிழில் ‘சரி’ என்று சொல்லுகிறான். முந்தி எங்களை இந்தியருக்குள்ள அடைச்சதுக்கு நாங்கள் சொன்ன முறைப்பாட்டை இப்ப ஒரு கன்னடக்காரர் எங்களைப் பார்த்துச் சொல்லலாம். இந்த முறை லாபம் எங்கட பக்கம், அதனால் நாங்கள் பெரிதாகச் சத்தம் போடவில்லை.

‘சிவிலைசேஷன் 7’ வேறு வழியில் போனது. 2025இல் வெளியானபோது அதில் ஒரே இனமாகக் கடைசி வரை விளையாட ஏலாமல் இருந்தது. காலகட்டம் மாறும்போது இனமும் மாறியது. மௌரியராக ஆரம்பித்தால் அடுத்ததாகச் சோழரை எடுக்கலாம், பிறகு மொகலாயர். சோழரின் உள்ளடக்கத்தில் கவனம் தெரியுது: ‘கலம்’ என்ற போர்க்கப்பல், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று வணிகக் குழுக்களின் பெயர்கள், தஞ்சைப் பெரிய கோயில். தேடிப் படித்த ஆள் ஒருவர் அந்தக் குழுவில் இருந்திருக்க வேணும். ஆனால் அந்த மௌரியர்–சோழர் வரிசை இருக்கே, அதை அசோகரே ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அவருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி வரை எல்லாரையும் தன் ஆட்சிக்கு வெளியே, எல்லையில் இருப்பவர்களாகத்தான் குறிப்பிடுகிறார். மௌரியர் வளர்ந்து சோழர் ஆகவில்லை, அயலவராக இருந்தார்கள். துணைக்கண்டத்தை ஒரே கோடாகப் பார்க்கும் பழைய பழக்கம் புது உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருக்கு. வெளியானபோது தலைவர்கள் பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இனி நான் இருக்கிற நாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி ஆகக் கூர்மையாக எழுந்தது கனடாவில்தான். 2018இல் ஆறாவது பாகத்தின் ‘ரைஸ் அண்ட் ஃபோல்’ விரிவாக்கத்தில் கிரீ மக்கள் சேர்க்கப்பட்டார்கள், தலைவர் பவுண்ட்மேக்கர். 1885இல் கட் நைஃப் சண்டையில் தோற்று ஓடிய கனடியப் படையைத் துரத்த வேண்டாம் என்று தன் வீரர்களைத் தடுத்தவர் அவர். அதே வருசம் அரச துரோகக் குற்றத்துக்குச் சிறை போனார், அடுத்த வருசம் இறந்தார். கனடிய அரசு அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 2019இல்தான்.

சந்தோசப்பட வேண்டிய விசயம் என்று தானே நினைப்போம்? பவுண்ட்மேக்கர் கிரீ சமூகத்தின் பிரதிநிதியான மில்ற்றன் டூட்டூசிஸ் ஆட்சேபித்தார். மற்றவரின் நிலத்தைப் பிடிப்பது எங்கள் முன்னோரின் நோக்கமாக இருந்ததே இல்லை, குடியேற்றக்காரரின் விழுமியங்களை எங்கள் மேல் ஏற்றுகிறார்கள், எங்களிடம் யாரும் கேட்கவும் இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம். கேம் செய்தவர்கள் கிரீ மக்களுக்கு வணிகத்தையும் கூட்டணியையும் பலமாகக் கொடுத்திருந்தார்கள், அது உண்மை. ஆனால் பலகை முழுவதும் தேடு, விரி, சுரண்டு, அழி என்ற நாலு வினைகளில் ஓடும்போது, ஒரு ஆளை மட்டும் நல்லவராக உட்கார வைத்து என்ன பலன்?

அவர் சொன்னதைக் கேட்ட பிறகு சோழரைப் பற்றிய என்ர சந்தோசத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். சோழர் இந்தக் கேம்களுக்குள் அழகாகப் பொருந்துவதற்குக் காரணம் அவர்கள் கடல் கடந்து நாடு பிடித்தவர்கள். ராஜேந்திரன் இலங்கையின் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்ததும், 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பல் விட்டதும்தான் அவர்களுக்கான நுழைவுச் சீட்டு. ஏரி வெட்டின, ஊர்ச்சபை நடத்தின தமிழர் இந்தப் பட்டியலுக்குத் தனியாக வந்திருக்க மாட்டினம். ஸ்காபரோவில பிறந்த பிள்ளைக்குத் தமிழர் வரலாறு முதல் முதலாகத் திரையில் தெரியும்போது அது ஒரு படையெடுப்பாகத் தெரியுது. தமிழ்க் குரலைக் கேட்டு அது துள்ளும்போது எனக்கும் மயிர்க்கூச்செறியுது, அதையும் மறைக்க ஏலாது.

ஃபிராக்சிஸ் நிறுவனம் கேட்டுச் செய்த சந்தர்ப்பங்களும் உண்டு. ஐந்தாவது பாகத்துக்கு, 1680இல் ஸ்பானியருக்கு எதிராக எழுந்த போப்பேயைத் தலைவராக வைத்துப் புவெப்லோ மக்களைச் சேர்க்க நினைத்தார்கள். அந்த மக்களின் தலைவர்களிடம் கேட்டபோது, போப்பேயைக் கேமில் காட்டுவதை அவர்கள் விரும்பவில்லை. கைவிட்டார்கள், 2013இல் அந்த இடத்துக்கு ஷொஷோனி மக்கள் வந்தார்கள். ஏழாவது பாகத்தில் ஷோனி மக்களோடு சேர்ந்தே வேலை செய்தார்கள், டெக்கம்சே ஷோனி மொழியில் பேசுகிறார். கேட்கப் போனால் ‘வேண்டாம்’ என்ற பதிலும் வரலாம், அதற்கும் ஆயத்தமாகத்தான் போக வேணும்.

ஷோனி மக்களுக்குத் தேர்ந்தெடுத்த தலைவர் இருக்கிறார், கதவைத் தட்டலாம். சோழருக்காக யாரிடம் கேட்பது? தஞ்சாவூரில ஒரு பேராசிரியரையா, சென்னையில ஒரு அமைச்சையா, ரொறன்ரோவில ஒரு சங்கத்தையா? மூன்று இடத்திலும் மூன்று ராஜேந்திரன் கிடைப்பார். அனுராதபுரத்தில கேட்டால் நாலாவது ஒருவர். உங்கள் பதிலை இந்த மடலுக்கே எழுதி அனுப்புங்கள், அடுத்த எபிசோட்டில வாசிக்கிறம்.