உப்புக் கல்லும் ஒரு நீண்ட கணக்கும்

எக்ஸ்ரே என்றால் நமக்கு உடைந்த எலும்புதான் ஞாபகத்துக்கு வரும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரிலிருந்த ஜேம்ஸ் என்ற விஞ்ஞானி, உப்புக் கல்லுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்! இந்துப்புத்தான், நம் வீட்டு ஜாடியில் இருக்கும் உப்புக்குக் கூடப் பிறந்தது.

உப்பிலுள்ள எலெக்ட்ரான்கள் எக்ஸ்ரேயை நாலாபுறமும் சிதற அடிக்கின்றன. சோடியத்தில் 10, குளோரினில் 18. நேர் திசையில் அவை எல்லாம் ஒற்றுமையாக வேலை செய்யும். பக்கவாட்டில் போகப் போக, ஒன்றின் அலையை மற்றொன்று கெடுத்துக் கதிர் மங்கிவிடும். எவ்வளவு மங்கும் என்பது எலெக்ட்ரான்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அதைக் கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும்.

அங்கேதான் வந்தது சங்கடம். ஒவ்வொரு எலெக்ட்ரானும் மற்றவற்றைத் தள்ளுகிறது. ஒன்றின் நிலை தெரிய மற்றவற்றின் நிலை தெரிய வேண்டும். மற்றவை தெரிய இது தெரிய வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை!

டக்ளஸ் ஹார்ட்ரி என்ற கேம்பிரிட்ஜ் இளைஞர் 1928-ல் வெளியிட்ட வழி, நீங்கள் ரசத்துக்கு உப்புப் போடும் வழியேதான். முதலில் உத்தேசமாக ஓர் அமைப்பை வைத்துக்கொள்வது. அதைக்கொண்டு ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் கணக்குப் போடுவது. விடை உத்தேசத்தோடு ஒத்து வராவிட்டால் திருத்தி மறுபடியும் போடுவது. இரண்டும் ஒன்றாகும் வரை விடக் கூடாது.

ஜேம்ஸ், ஹார்ட்ரி, ஸ்வீடன் தேசத்து வாலர் மூவரும் அதே ஆண்டு கணக்கையும் அளவையும் ஒப்பிட்டார்கள். திரவக் காற்றில் குளிர வைத்த உப்பின் அளவுகளும் கையில் இருந்தன. குளிரின் கடைசி எல்லையிலும் அணுக்கள் அசையாமல் நிற்பதில்லை, சற்றே துடித்துக்கொண்டிருக்கின்றன என்று வைத்தால்தான் இரண்டும் பொருந்தின! உப்புக் கல்லிடமிருந்து எப்பேர்ப்பட்ட ரகசியம் பாருங்கள்!

ஹார்ட்ரியின் குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாயார் ஈவா, 1924-ல் கேம்பிரிட்ஜ் நகரின் முதல் பெண் மேயரானவர். தகப்பனார் வில்லியம் 1913-லேயே ஆசிரியர் வேலையை விட்டவர். ஓய்ந்த மனிதர் ஈஸிசேரில் சாய்ந்திருக்கலாம் அல்லவா? அவரோ மேஜைக் கணக்கு இயந்திரத்தோடு உட்கார்ந்து, மகனின் அணுக் கணக்குகளைப் போட்டுக்கொடுத்தார். 1930-ல் ரஷ்யாவின் ஃபாக் ஒரு திருத்தம் சொல்ல, வேலை இன்னும் வளர்ந்தது. அந்தத் திருத்தத்தையும் சேர்த்துப் பெரிலியம் அணுவின் கணக்கு 1935-ல் தந்தை, மகன் இருவர் பெயரிலும் வெளிவந்தது. 1943-ல் வில்லியம் காலமானார்.

இடையில் 1934-ல் ஹார்ட்ரி, ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவருடன், குழந்தைகள் விளையாடும் மெக்கானோ துண்டுகளைக்கொண்டே கணக்குப் போடும் யந்திரம் ஒன்றைக் கட்டினார். செலவு சுமார் 20 பவுன்!

அணு எக்ஸ்ரேயை விழுங்கவும் செய்யும். குறிப்பிட்ட சக்தியை எட்டியதும் உள்ளே இருக்கும் எலெக்ட்ரான் பிடுங்கி எறியப்படும், விழுங்கும் அளவு திடீரென்று ஏறும், சிதறலும் மாறும். அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் குரோமரும் லிபர்மனும் 1970-ல் ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்த்து இதைக் கணக்கிட்டார்கள். உலகமெங்கும் அந்த எண்களை எடுத்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு பிசகு! சார்பியலுக்காகக் கழித்தது அதிகம், ஐந்தில் மூன்று பங்கு கழித்தாலே போதும் என்று 1990-ல் கிஸ்ஸலும் பிராட்டும் காட்டினார்கள். இலேசான அணுவில் அது கண்ணில் படாது. ஈயம் போன்ற கனத்த அணுவில்தான் உறைக்கும்.