வைட்டமின் டி குறைந்ததால் நோய் முற்றியதா? நோய் முற்றியதால் வைட்டமின் டி குறைந்ததா?

மாசாயில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் உறங்குபவருக்கும், விடியும் முன் சிங்கப்பூருக்குப் புறப்பட்டு இருட்டிய பின் வீடு திரும்புபவருக்கும் அந்த வெயிலால் என்ன பயன்? தோலில் வெயில் பட்டால்தானே உடல் வைட்டமின் டி தயாரிக்கும். கோலாலம்பூரில் வேலைக்குச் செல்பவர்களிடம் நடத்திய ஆய்வுகளிலும் இந்தச் சத்துக் குறைவு பரவலாகவே காணப்பட்டது.

சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் வழியாக வந்த சீனப் பயணிகளே நம் நாட்டின் முதல் கோவிட்-19 நோயாளிகள். 2020 ஜனவரி 25ஆம் தேதி அது அறிவிக்கப்பட்டது. பின்னர் பல நாட்டு மருத்துவமனைகளிலிருந்து ஒரே மாதிரியான தகவல் வந்தது. நோய் கடுமையானவர்களின் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தது. அப்படியானால் மாத்திரை கொடுத்தால் உயிர் பிழைப்பார்களா? இதில்தான் இரண்டு தரப்புகள் உருவாயின.

குறைவுதான் காரணம் என்றது முதல் தரப்பு. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் வைட்டமின் டியைப் பயன்படுத்துகின்றன; கிருமிகளைக் கொல்லும் சில புரதங்களை உருவாக்கவும் அது உதவுகிறது. ஆகவே சத்து குறைந்தால் எதிர்ப்புச் சக்தியும் தளரும் என்பது இவர்கள் வாதம். இது அடிப்படையற்ற வாதமன்று.

குறைவு ஓர் அடையாளம் மட்டுமே என்றது இரண்டாம் தரப்பு. முதியவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு வைட்டமின் டி பொதுவாகவே குறைவு. கோவிட் கடுமையாகத் தாக்கியதும் இவர்களைத்தான். மேலும், உடலில் அழற்சி ஏற்பட்டாலே இரத்தத்தில் இதன் அளவு இறங்கிவிடும். முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அவர்களைக் கிருமி எதுவும் தாக்கவில்லை. ஆனாலும் சில நாள்களில் அளவு ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. அப்படியிருக்க, காய்ச்சலோடு வந்து படுத்தவரின் இரத்தத்தை அன்று சோதித்துவிட்டு, குறைவுதான் நோயை முற்றவைத்தது என்று எப்படிச் சொல்வது?

தீர்ப்பு சொல்ல ஒரே வழி, கொடுத்துப் பார்ப்பதுதான். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் கோவிட் கண்டு மருத்துவமனையில் சேர்ந்த 240 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு ஒரே தடவையில் 2 லட்சம் யூனிட் வைட்டமின் டி. மறு பிரிவுக்கு மருந்தில்லாத போலிக் கரைசல். முடிவு 2021இல் வெளியானது. முதல் பிரிவினரின் இரத்தத்தில் அளவு நன்றாகவே உயர்ந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கிய நாள்கள் குறையவில்லை. இரு பிரிவிலும் இடைநிலை அளவு 7 நாள்தான். மரணத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

முன்கூட்டியே நாள்தோறும் சாப்பிட்டு வந்தால்? 25 சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, சளிக் காய்ச்சல் போன்ற சுவாசத் தொற்றுகளிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு என்றது. 2025இல் 46 சோதனைகளைத் தொகுத்தபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை.

அப்படியென்றால் வைட்டமின் டி வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். எலும்பின் உறுதிக்கு அது இன்றியமையாதது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட், முதியவர்களுக்கு 800 யூனிட் போதும். மத்தி, கெம்போங் மீன்களிலும் முட்டை மஞ்சள் கருவிலும் அது உண்டு. காலை 7 மணி வெயில் போதும் என்று பலர் நம்புகிறார்கள். நம் ஊரில் அப்போதுதான் சூரியனே எழுகிறது. வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அந்நேரத்தில் மிகக் குறைவு. 9, 10 மணி வாக்கில் கை, முகத்தில் சிறிது நேரம் வெயில் படட்டும். கண்ணாடி ஜன்னலுக்குள் அமர்ந்திருந்தால் பயனில்லை.

நல்லதுதானே என்று அள்ளி விழுங்குவதும் ஆபத்து. அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வீட்டில் வைட்டமின் மாத்திரை இருக்கிறது என்ற தைரியத்தில், மூச்சுத் திணறும் பெரியவரை இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று படுக்க வைத்திருப்பதுதான் அது. மாத்திரை எலும்பைக் காக்கும். அந்த ஒரு நாள் தாமதத்தை ஈடுகட்ட அதனால் முடியாது.