ஓவனில் ஒரு கோழி விருந்து: காரம் முதலில், இனிப்பு கடைசியில்

கோழியில் இனிப்புச் சேர்ப்பதா என்று முகம் சுளிப்பவர் நம்மில் பலர் உண்டு. ஆணத்தில் சிறு துண்டு வெல்லம் விழுந்தாலே, "இது என்ன, பாயசமா?" என்று கேட்கும் வீடுகள் நம்முடையவை. ஆயினும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள், அங்கே உண்ட 'ஆயாம் மாடு' பற்றிப் பேசும்போது பிள்ளைகளின் நாவில் நீர் ஊறத்தான் செய்கிறது. (ஆயாம் என்றால் கோழி. மாடு என்பது இங்கே மலாய்ச் சொல். தேன் என்று பொருள். பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்!)

வளைகுடா நாடுகளிலிருந்து வந்த ஓவன்கள் பல வீடுகளில் துணி போர்த்திய நிலையில் இருக்கின்றன. பிள்ளைகளின் ஆசைக்காக அதனை வெளியில் எடுத்து, கோழியில் தேனையும் மிளகாயையும் ஒன்றாகப் பூசி உள்ளே வைக்கிறார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் மேற்புறம் கரிந்திருக்கிறது. எலும்பை ஒட்டிய சதையோ வேகாமல் கிடக்கிறது. "இந்தச் சமையல் நமக்குச் சரிவராது" என்று ஓவன் மீண்டும் போர்வைக்குள் போய்விடுகிறது.

இதற்குக் காரணம் இனிப்பைச் சேர்க்கும் நேரம்தான். கோழியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை அது ஏறத்தாழ 100 டிகிரி செண்டிகிரேட் வெப்பத்தைத் தாண்டுவதில்லை. ஈரம் வற்றியதும் வெப்பம் விரைந்து ஏறுகிறது. சாதாரணச் சர்க்கரை சுமார் 160 டிகிரியில் நிறம் மாறத் தொடங்கும். தேனில் மிகுந்துள்ள பழச்சர்க்கரையோ சுமார் 110 டிகிரியிலேயே தொடங்கிவிடும். 200 டிகிரி சூட்டில் தேன் பூசிய கோழி முக்கால் மணி நேரம் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கறுத்த தோலைக் கண்டு, வெந்துவிட்டது என்று அவசரமாக வெளியே எடுப்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். அரைகுறையாக வெந்த துண்டைக் குழந்தைக்கு ஊட்டிவிட்டு, பின்னர் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக மருத்துவரிடம் ஓடும் நிலை எந்தத் தாய்க்கும் வேண்டாம்.

இறைச்சியோடு இனிப்பைச் சேர்ப்பது புதுமையன்று. ஹிஜ்ரி 623, அதாவது கி.பி. 1226ஆம் ஆண்டில், பக்தாதில் முஹம்மத் இப்னுல் ஹஸன் அல் பக்தாதி என்பவர் 'கிதாபுத் தபீக்' என்ற சமையல் நூலை எழுதினார். அது 1934இல் மோசுல் நகரில் அச்சேறியது. 1939இல் ஆர்பெரி என்ற அறிஞர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, நம் நாட்டின் ஹைதராபாதிலிருந்து வந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழில்தான் வெளியாயிற்று. சமைப்பவர் நகங்களை வெட்டித் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்று தொடங்கும் அந்நூலில் 'சிக்பாஜ்' என்றோர் உணவு வருகிறது. காடியும் பேரீச்சம் பாகும் சேர்த்துச் சமைத்த இறைச்சி அது. பாகுக்குப் பதில் தேனும் சேர்க்கலாம். அதன் செய்முறையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இறைச்சியும் காய்களும் ஏறத்தாழ வெந்த பிறகே அந்த இனிப்பும் புளிப்பும் சட்டிக்குள் போகின்றன. மிளகாயை மட்டும் அந்தச் சமையற்காரர் அறிந்திருக்க வழியில்லை. அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மிளகாய், போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே நம் நாட்டுக்கு வந்தது. அவருடைய கையில் இருந்தவை மிளகும் கொத்தமல்லியும் பட்டையுமே.

இனி நம் அடுப்பங்கரைக்கு வருவோம். தொடையும் காலும் சேர்ந்த துண்டுகள் நான்கு, ஏறத்தாழ ஒரு கிலோ, போதும். தோலோடு வாங்குவது நல்லது. தோல் இருந்தால் சதை வறளாது. நெஞ்சுக்கறியை இந்தச் சமையலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது முந்தி வெந்து சக்கையாகிவிடும். கோழியைக் கழுவியே ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள் குழாயடியில் பிடிக்காமல், பாத்திரத்தில் நீர் நிரப்பி அதனுள் மெல்ல அலசுங்கள். குழாய் நீர் தெறிக்குமிடமெல்லாம் கிருமியும் தெறிக்கும். பக்கத்தில் நறுக்கி வைத்த வெள்ளரிக்காயும் தப்பாது.

குண்டு மிளகாய் ஐந்தும், நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய் மூன்றும் வெந்நீரில் ஊறவைத்து, எட்டுப் பல் பூண்டு, பெருவிரல் அளவு இஞ்சி, ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம் சேர்த்து மைய அரையுங்கள். இதில் ஒரு தேக்கரண்டி விழுதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். கோழியைத் தொட்ட கை அதில் படக்கூடாது. மீதியில் இரண்டு தேக்கரண்டி உப்பு, ஓர் எலுமிச்சையின் சாறு, இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய் கலந்து, துண்டுகளை ஆழக் கீறி, எலும்பு வரை எட்டும்படி தடவுங்கள். இரண்டு மணி நேரமாவது குளிர்பதனப் பெட்டியில் ஊறட்டும். முதல் நாள் இரவே ஊறவைத்தால் இன்னும் நன்று. இந்தக் கட்டத்தில் ஒரு துளி இனிப்பும் வேண்டாம்.

இனிப்புக்குத் தேன்தான் வேண்டும் என்பதில்லை. என் நாவுக்குக் கருப்பட்டியே இதற்குப் பொருத்தமாகப் படுகிறது. தேனின் இனிப்பு நேராக முன்னே வந்து நிற்கும்; கருப்பட்டியிலோ புகைமணமும் மெல்லிய கசப்பும் கலந்து, மிளகாய்க்கு ஈடுகொடுக்கும். அதில் சாதாரணச் சர்க்கரையே மிகுதி என்பதால் தேனைவிடச் சற்றுப் பொறுத்துத்தான் கரியும். 75 கிராம் கருப்பட்டியைக் கால் குவளை நீரில் கரைத்து, மண்ணும் தும்பும் போக வடிகட்டி, இரண்டு மேஜைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், எடுத்து வைத்த மிளகாய் விழுது, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கரண்டியின் முதுகில் படியும் பதம் போதும். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் மிட்டாயாக இறுகிவிடும்.

கடையில் விற்கும் இனிப்புக் காரச் சாஸ்களை வாங்குவோர் புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கீழைநாட்டுச் சமையற் குறிப்புகளில் வரும் 'மிரின்' என்பது அரிசியிலிருந்து செய்யும் மது. கருப்பட்டியும் புளியும் உள்ள வீட்டில் அது எதற்கு?

ஓவனை 200 டிகிரியில் கால் மணி நேரம் முன்சூடாக்குங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கை அரை அங்குல வில்லைகளாக நறுக்கி, உப்பும் எண்ணெயும் தடவிக் கீழ்த்தட்டில் பரப்புங்கள். அதற்கு மேலே கம்பித்தட்டில் கோழித் துண்டுகள். கோழியின் நெய்யும் மசாலாச் சாறும் கிழங்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். இதுவும் பழைய பக்தாத் வழிதான். தன்னூர் எனும் மண் அடுப்பில் கோழியைத் தொங்கவிட்டு, அதன் நெய் சொட்டும்படி கீழே ரொட்டியும் இனிப்புமாக ஒரு தட்டை வைப்பார்கள். 'ஜூதாப்' என்று அதற்குப் பெயர்.

முதல் 30 நிமிடங்கள் திறக்காதீர்கள். பிறகு வெளியே எடுத்துப் பாகை மெல்லப் பூசி, ஏழு நிமிடம் உள்ளே வைத்து, மீண்டும் ஒரு முறை பூசி இன்னும் ஏழு நிமிடம் வையுங்கள். மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெந்ததை அறியச் சமையல் வெப்பமானி இருந்தால் நலம். எலும்பில் படாமல் தொடையின் தடித்த பகுதியில் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். இல்லாதவர்கள் கத்தியால் குத்திப் பாருங்கள். வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், மூட்டு இலகுவாகக் கழல வேண்டும். நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலுள்ள நிறம், நன்றாக வெந்த பின்னும் அருகிலுள்ள சதையைச் சிவப்பாகக் காட்டுவதுண்டு.

மின்சாரச் செலவை எண்ணி அஞ்சுவோருக்கு: 2000 வாட் ஓவன் ஒரு மணி நேரம் இடைவிடாது எரிந்தாலும் 2 யூனிட்தான். சூடு வந்ததும் அது தானே அணைந்து எரிவதால் உண்மையில் அதனினும் குறையும். ஓவன் இல்லாத வீட்டில், அடிகனத்த சட்டியில் சிறு தீயில் மூடி வேகவிட்டு, பாகு பூசிய பின் மூடியின்மேல் கங்கு பரப்பித் தம் போடலாம். பிரியாணிக்குத் தம் போடும் கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள். சாறு சதைக்குள் தங்கும். இதில் சமைப்பவருக்கும் ஓர் ஆதாயம் உண்டு. தோசைக்கல்லருகே நின்றபடி எல்லோரும் உண்டு முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே சஹனைச் சுற்றி அவரும் முதலிலேயே அமர்ந்துவிடலாம். தட்டில் எலுமிச்சைத் துண்டும் பச்சை வெங்காயமும் இருக்கட்டும்.

கருப்பட்டிக்குப் பதில் தேன் சேர்த்திருந்தால், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதை ஊட்டக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள் ஓவன் சமையலில் அழிவதில்லை. கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். குழந்தைக்கென்று கீழ்த்தட்டுக் கிழங்கை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம்; பாகு அதிலும் சொட்டியிருக்கும். இரண்டு கிழங்கைத் தனியே அவித்து வைத்துவிடுங்கள்.