டெங்குவுக்கு ஒரு சீட்டு

மழை பெய்தால் ராஜகீழ்ப்பாக்கத்தில் கிணறு ஊறும். உடைந்த குடத்தில் கொசுப் புழு நெளியும். உடனே டெங்கு பயம்!

உடலின் உயிரணுக்களுக்குள் ஒரு சமையற்கட்டு உண்டு. "இந்தப் புரதத்தைச் செய்" என்று அங்கே போகும் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. கிருமியின் ஒரு துண்டை மட்டும் செய்யச் சொல்லிச் சீட்டு அனுப்பினால், அதைப் பார்த்து உடல் போருக்குப் பழகிக்கொள்ளும்.

ஆனால் வெளியிலிருந்து வந்த சீட்டை உடல் பகைவன் என்றே எண்ணிச் சீறியது. ஓர் எழுத்தைச் சற்றே மாற்றினால் சீற்றம் தணியும் என்று காரிக்கோ, வைஸ்மன் இருவரும் 2005-ல் காட்டினார்கள். நோபல் பரிசு கிடைத்ததோ 2023-ல்!

ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிலையத்தார் கொரோனாவுக்கு இப்படி ஒரு சீட்டு எழுதி, 2022-ல் எலிகளிடம் பலன் கண்டனர். அடுத்தது டெங்கு, காசநோய், மலேரியா என்றும் அறிவித்தனர்.

டெங்கு சாமானியமல்ல. அதில் நான்கு வகை. ஒன்றை மட்டும் தடுத்தால், மற்றொன்று தாக்கும்போது நோய் முற்றிவிடலாம். நான்குக்கும் சேர்த்தே சீட்டு எழுத வேண்டும்.