உங்களுக்குத் தெரியுமா? பூம்பாறைப் பனியும் பூட்டிவிட்டுப் போன காரும்

★ கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறைக்காரர் விமானம் ஏற வேண்டுமென்றால் கொடைக்கானல், பெருமாள்மலை, வத்தலக்குண்டு என்று மலையிறங்கி மதுரைக்குத்தான் போக வேண்டும். 130 கிலோமீட்டருக்கு மேல் வரும். டெல்லியில் இருக்கும் மகனையோ துபாயில் இருக்கும் மகளையோ பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வாடகை வண்டி பிடித்து இறங்கிவிடுகிறார்கள். சொந்தக் கார் வீட்டு வாசலில் நிற்கும். மார்கழி கடைசியில் போய் தை நடுவில் திரும்பினால் இருபது நாள் ஆகிவிடும். வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுண்ணே" என்று மெக்கானிக்குக்குப் போன் போகும். பழி முழுவதும் பனியின் மேல் விழும். ஆனால் அதில் பாதிதான் பனியின் வேலை.

★ மீதிப் பாதி யார் வேலை? பூட்டி வைத்த காரும் மின்சாரம் குடிக்கிறது. ரிமோட் பூட்டு, திருட்டு அலாரம், கடிகாரம், எஞ்சினை ஆளும் சின்னக் கணினி எல்லாம் அரைத் தூக்கத்தில் விழித்தபடியே இருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி போகும். இருபது நாளில் 24. சிறிய கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர் மணி பேட்டரிதான். மூன்றில் இரண்டு பங்கு காலி! கூடுதலாக ஒரு டேஷ் கேமராவோ ஜி.பி.எஸ். கருவியோ மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கிவிடும்.

★ இறங்கிய பேட்டரியின் மேல்தான் குளிர் கை வைக்கிறது. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிர்ந்தால் அது மந்தமாகிவிடும். வெப்பம் 0 டிகிரிக்கு வரும்போது, நல்ல பேட்டரிகூட எஞ்சினைச் சுழற்றும் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்து நிற்கும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயிலும் கெட்டிப்பட்டு, சுழற்றக் கூடுதல் பலம் கேட்கும்.

★ முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி அமிலம் உறைய மைனஸ் 60 டிகிரி அளவுக்குக் குளிர் வேண்டும். அது கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் நடக்காது. ஆனால் சார்ஜ் இறங்க இறங்க, உள்ளே இருப்பது தண்ணீரை நெருங்கிவிடுகிறது. முற்றிலும் இறங்கிய பேட்டரி மைனஸ் 7 டிகிரி வாக்கிலேயே உறைந்து ஓடு வெடிக்கலாம். லடாக்கில், காஷ்மீரில், கனடாவில் வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரியை முழு சார்ஜில் விட்டுப் போவது இதனால்தான்.

★ மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு வரும் கார் காலையில் மக்கர் செய்தால், அந்தப் பேட்டரியை நலிய வைத்தது சமவெளியின் வெயில். உள்தகடுகளை அரித்து ஆயுளைக் குறைப்பது வெப்பம்தான். குளிர் அந்த நோயை வெளியே காட்டிக்கொடுக்கிறது. மூன்று வயது தாண்டிய பேட்டரியோடு டிசம்பரில் மலையேறுகிறவர்கள் ஏறும் முன்பே ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

★ கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் நிறுவப்பட்டது. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் அங்கேதான் 1909 ஜனவரியில் கண்டுபிடித்தார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு இந்த மலையின் வானம் அவ்வளவு துலக்கமாக இருக்கும். உங்கள் கார் கண்ணாடியில் உறைபனி படிவதற்கும் அந்தத் துலக்கமான வானம்தான் காரணம். மேகம் இருந்தால் அது போர்வைபோல் தரையின் சூட்டைத் திருப்பி அனுப்பும். மேகமில்லாத இரவில் கார் கூரையும் முன்கண்ணாடியும் தங்கள் சூட்டை நேரே வானத்துக்கு இறைத்துவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. காற்றின் வெப்பநிலை 2, 3 டிகிரி இருக்கும்போதே கண்ணாடி 0-க்குக் கீழே போய்விடும். 'நேற்று மைனஸ் போகவில்லையே, எப்படிப் பனி உறைந்தது?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஜனவரி விடியலில் ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். வாசலில் நிற்கும் காரின் கூரையும் முன்கண்ணாடியும் உப்பைத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். பக்கத்துக் கதவுக் கண்ணாடிகளில் அவ்வளவு இருக்காது. செங்குத்தாக நிற்கும் கண்ணாடிக்கு வானம் பாதிதான் தெரியும். மீதிப் பாதி, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுவர் தரும் கொஞ்சம் சூடு அதைக் காப்பாற்றிவிடுகிறது.

★ இந்தக் கணக்கு விவசாயிக்குப் பழகிய ஒன்று. நீலகிரியில் உறைபனிக் காலத்தில் தேயிலைச் செடிகளின் மேல் காய்ந்த தழைகளைப் போட்டு மூடுவார்கள். செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு, அவ்வளவுதான். காருக்கும் அதையே செய்யலாம். தகரக் கொட்டகை, வீட்டு முன் சிமென்ட் சன்ஷேடு, எதுவும் இல்லையென்றால் காற்று புகும் துணிக் கவர். காற்றுப் புகாத பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்த்து, இருபது நாளில் துருவுக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

★ குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம். இரவில் அது தண்ணீர்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். கொடைக்கானலில் ஏரிக்கரையும் ஜிம்கானா புல்வெளியும் முதலில் வெளுப்பது இதனால்தான். பூம்பாறையில் பூண்டு வயல்கள் படிப்படியாக இறங்கும் சரிவைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர் அது. வண்டியை அடிப்பள்ளத்தில் விடாமல் ஒரு படி மேலே, கிழக்கு பார்த்து விடுங்கள். காலை வெயில் பனியை உருக்கிக் கொடுக்கும்.

★ வெந்நீரை முன்கண்ணாடியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஒரு பக்கம் சூடேறி விரியும், இன்னொரு பக்கம் குளிர்ந்தே கிடக்கும். மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் போதும், அது கண்ணாடியின் குறுக்கே ஓடிவிடும். எஞ்சினை ஓடவிட்டு, சூடான காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினால் ஐந்து பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஒட்டிக்கிடக்கும் வைப்பரை ஓடவிட்டால் ரப்பர் கிழியும், சில நேரம் ஃபியூஸும் போகும். ஊருக்குப் போகும் முன் வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போகலாம்.

★ ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு வாரக்கணக்கில் போகாதீர்கள். ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். குளிர் நாட்டில் அதன் கேபிளுக்குள் புகுந்த தண்ணீரே உறைந்துவிடும். சமதரையாகப் பார்த்து நிறுத்தி, முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நல்ல கல்லாக முட்டுக் கொடுங்கள். மலை டிரைவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை இது. சரிவைத் தவிர வேறு இடமே இல்லையென்றால் பிரேக்கையும் விடாதீர்கள், கல்லையும் விடாதீர்கள்.

★ தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டிப்பட்டுவிடும். பூம்பாறை வீடுகளில் மார்கழி முழுவதும் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைக்க வேண்டியிருக்கும். டீசலின் கதையும் அதேதான். அதில் கரைந்திருக்கும் மெழுகு குளிரில் திரிந்து ஃபில்டரை அடைக்கும். அதனால் இந்தியத் தர நிர்ணயத்தில் டீசல் ஓட்டம் நிற்கும் வெப்பநிலைக்குக் குளிர்காலத்தில் 3 டிகிரி, கோடையில் 15 டிகிரி எனத் தனித்தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். லடாக்கின் மைனஸ் 30 டிகிரிக்கு இதெல்லாம் போதாது. லாரி டிரைவர்கள் டீசல் டேங்குக்கு அடியில் தீ மூட்டிச் சூடேற்றிய ஆபத்தான வழக்கம் அங்கே உண்டு. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தனி டீசலை லடாக்குக்குக் கொண்டுவந்தது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது அது.

★ ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த டபிள்யூ, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரிலும் ஆயில் சீக்கிரம் ஓடும்.

★ கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் தனியாக இருந்தால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும். தண்ணீர் 0-வில் உறையும். இரண்டையும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறைவதில்லை! மலையேறும்போது சூடேறிய ரேடியேட்டரில் வழியில் கிடைத்த ஊற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி இந்தக் கலவையை நீர்க்கச் செய்துவிடுகிறோம். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும். பூம்பாறைக் குளிரில் ரேடியேட்டர் வெடிப்பது அபூர்வம்தான். ஆனால் வெறும் தண்ணீர் உள்ளே துருவையும் உப்பையும் சேர்த்துவிடும். இன்னொன்று, கூலன்ட் இனிக்கும். கொட்டிக் கிடந்தால் நாயும் பூனையும் நக்கிவிடும், அவற்றுக்கு அது விஷம். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

★ விமானத்துக்கும் இதே குடும்பத்து மருந்துதான். இறக்கையில் உறைபனி ஒட்டியிருந்தால் விமானம் கிளம்பக் கூடாது. குளிர் நாட்டு விமான நிலையங்களில் புறப்படும் முன் கிளைகால் கலந்த சூடான திரவத்தை இறக்கைமேல் பீய்ச்சியடிப்பார்கள்.

★ மதுரையில் 30 டிகிரி வெயிலில் அடித்த டயர் காற்று, பூம்பாறையின் 5 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய 4 பி.எஸ்.ஐ. குறைய வேண்டும். ஆனால் பூம்பாறை இருப்பது சுமார் 1,900 மீட்டர் உயரத்தில். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் மீட்டர் 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். ஒன்றை ஒன்று ஏறக்குறைய நேர்செய்துவிடுகிறது.

★ எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கி வைக்கும் கருவிக்கு அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமேன் 1949-ல் காப்புரிமை பெற்றார். கனடாவில் மனிடோபா, ஆல்பெர்ட்டா பக்கம் போனால் கார் நிறுத்துமிடங்களில் வரிசையாக பிளக் பாயின்ட் இருக்கும். காரின் முன்பக்கத்திலிருந்து ஒயர் தொங்கும். அங்கிருந்து பொங்கலுக்கு ஊருக்குப் பறக்கும் நம்மவர்கள், பிளக் வசதி உள்ள விமான நிலைய நிறுத்துமிடமாகத் தேடிப் பதிவு செய்வது நல்லது.

★ பேட்டரி இறங்கிய காரை ஸ்டார்ட் செய்துவிடும் கைக்கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. அதற்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. விமானத்தில் அதைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் கைப்பையில் கொண்டுபோகலாம்.

★ "வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி வை தம்பி" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறோம். ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே உறுமவிட்டு அணைப்பதால் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம். எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கிவிடும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். கதவை மூடிய கொட்டகைக்குள் மட்டும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியவரும்.

★ ஓட்ட ஆளில்லையா? இருக்கிற வழிகளில் சுலபமானது, செலவில்லாதது, நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். கிளம்புகிற அன்று பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பிளஸ்ஸைத் தொட வேண்டாம், மைனஸ் மட்டும். பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றிய ஒயரைத் துணியில் சுற்றி, முனையில் படாமல் ஒதுக்கிவையுங்கள். கடிகாரமும் ரேடியோவும் அழிந்துபோகும், திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம். சில புதிய கார்களில் இதற்கு வேறு முறை இருக்கும், கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயரைக் கழற்றிய பிறகு ரிமோட் வேலை செய்யாது. கதவைச் சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும், திறக்க வேண்டும். பல கார்களில் டிக்கியும் மின்பூட்டில்தான் திறக்கும். அதனால் அந்த ஸ்பேனரை டிக்கிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டுச் சாவியோடு வையுங்கள்.